அண்ணன் இல்லை, நீ

அன்புள்ள உனக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? வேலைக்கு வந்த ஊரிலேயே எனக்குக் குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன், நல்லபடியாக முடிந்துவிட்டது. முன்னாலேயே சொல்லவில்லை என்று திட்டாதே.

அதற்கு முன் நர்ஸ் கேட்டார்: "ஒருவேளை நினைவு திரும்பலைன்னா, யாரைக் கேட்டு முடிவெடுக்கணும்?" பழக்கதோஷத்தில் அண்ணனைச் சொல்லிவிட்டேன். நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர்தானே. படுத்த பிறகுதான் உறைத்தது: நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றே அவர் என்னைக் குழாயோடு கிடத்திவைப்பார். நர்ஸைக் கூப்பிட்டு உன் பெயரையும் போன் நம்பரையும் சொன்னேன்.

"முதல்லயே சம்சாரம்னு சொல்றதுக்கென்ன?" என்று சிரித்தார்.

இனி எப்போதாவது அப்படி நினைவு திரும்பாமல் போனால், மெஷினில் இழுத்துக்கொண்டு கிடக்கவிடாதே. வலியில்லாமல் போகவிடு. அண்ணன் கத்துவார், நீ அசையாதே.

அசதியாக இருக்கிறது. பழைய லுங்கி ஒன்று அனுப்பு, புதுசு தையலில் உரசுகிறது. டாக்டர் வருகிறார், நிறுத்துகிறேன்.

தூங்கும்போது போனை சைலன்டில் போடாதே.