பொன்னுரங்கம் கிளப்பாத புரளி

காட்டுமன்னார்கோயில்,
தை 12

அன்புள்ள தம்பி சேரனுக்கு, மணவாளன் எழுதுவது.

குவைத்தில் குளிர் ஜாஸ்தி என்று ரேகா சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள். உன் அம்மா இப்போது இரண்டு வேளையாவது சாப்பிடுகிறார். மழை விட்டு இங்கே அறுவடை தொடங்கிவிட்டது.

அப்பாவின் அடக்கத்துக்கு வந்து திரும்பும்போது, சிதம்பரம் ரயில் நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டது நினைவிருக்கும். "வீராணம் ஏரிக்கரை ஒடைஞ்சிடுச்சுன்னு எங்கப்பாதான் புரளி கிளப்பிவிட்டாருன்னு சொல்றாங்கய்யா. அந்த வீடியோ எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றாய். முப்பது வருஷம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டாய். போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் என் மகள் சத்யப்பிரியாவிடம் அந்த வீடியோவைக் கொடுத்தேன். அவள் அதை ஓர் இடத்தில் நிறுத்தி, அந்தப் படத்தை மட்டும் எடுத்து இணையத்தில் தேடினாள். செய்திகளைச் சரிபார்க்கும் தளம் ஒன்றில் அதே படம் வந்தது. நான்கு வருஷத்துக்கு முன் வேறு மாநிலத்தில் உடைந்த அணை அது. யாரோ வேறொரு ஏரியின் பெயரைப் போட்டுப் பரப்பியபோதே, அது தவறு என்று விளக்கி எழுதியிருக்கிறார்கள். அதற்கே இரண்டு வருஷம் ஆகிறது. சத்தம் வைத்துக் கேட்டேன். கத்துகிறவர்கள் பேசுவது தமிழே இல்லை.

வீடியோவின் கீழே, விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி தண்ணீர் வருவதாக எழுதியிருந்தது. அந்த எண்தான் நம்ப வைத்தது. அரசாங்கத்தின் அன்றைய வெள்ள நிலவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், நம் ஏரிக்கு வந்தது அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு லட்சம் என்பது வேறோர் ஆற்று அணையின் பழைய கணக்கு. எல்லாம் பார்த்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகவில்லை.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த வீடியோவை உன் அப்பாவுக்கு அனுப்பியவன் நான்.

என்னோடு வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அது வந்தது. ஏரிக்குப் பக்கத்தில் இருப்பது உன் வீடுதானே என்று பதறி அனுப்பினேன். "உறுதியான தகவல், உடனே கிளம்பு" என்று நானே சேர்த்தும் எழுதினேன். மதியம் இரண்டே முக்காலுக்கு அவர் போன் செய்தார். "நீங்க அனுப்புனா நெசமாத்தான்யா இருக்கும். தெருவுல எல்லாருக்கும் சொல்லிடுறேன்" என்றார்.

ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டி, எல்லாரையும் மேட்டு ரோட்டுக்கு ஏற்றியிருக்கிறார். கடைசி வீட்டு விருத்தாம்பாள் நடக்க முடியாதவள் என்று அவளைத் தூக்கிவரத் திரும்பிப் போனார். அவளை அதற்குள் யாரோ வண்டியில் ஏற்றிப் போனது அவருக்குத் தெரியாது. வாய்க்கால் மேல் போட்டிருந்த பலகை வழுக்கி வெள்ளத்தில் விழுந்துவிட்டார். போனும் அவரோடு போய்விட்டது. கரை உடையவே இல்லை.

என் பெயர் யாருக்கும் தெரியாமலே போயிற்று. டீக்கடையில் "பொன்னுரங்கம் செஞ்ச வேலை" என்று ஊர்க்காரர்கள் பேசும்போது நானும் உட்கார்ந்து டீ குடித்தேன். இரண்டு மாதம். அந்த வீடியோவும், அவர் பார்த்துவிட்டார் என்று காட்டும் இரண்டு நீலக் குறியும் என் போனில் அப்படியே இருக்கின்றன. அழிக்கக் கை வரவில்லை. யார் போன் அடித்தாலும் முதலில் உன் அப்பா குரல்தான் கேட்கிறது. என்ன செய்தி வந்தாலும் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறேன். சத்யப்பிரியா வரும்போதெல்லாம் பயந்து போனைப் பிடுங்கி வைக்கிறாள்.

நேற்று உன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரேகா அழுதாள். உன் அம்மா, "அப்ப அவரு பொய் சொல்லல இல்ல?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். உள்ளே போய்விட்டார். டீக்கடையிலும் சொன்னேன். "போனவரு போயிட்டாரு, நீங்க ஏன் தலையில இழுத்துப் போட்டுக்கிறீங்க" என்றார்கள். என் பெயர் போட்டு எல்லாக் குழுக்களிலும் எழுதினேன். ஒருவரும் அதை அடுத்தவருக்கு அனுப்பவில்லை.

அதனால் இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். உன் அப்பாவைப் பற்றி யார் எது பேசினாலும் இதைக் காட்டு.

மாசியில் ரேகாவுக்குப் பிரசவம். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும். உன் பிள்ளைக்கு அதன் தாத்தா பெயரை வைக்கக் கூசாதே. மன்னிக்கச் சொல்லி உன்னைக் கேட்க மாட்டேன். ஆனால் ஒரு தடவை போன் செய். என்ன திட்ட வேண்டுமோ திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, தம்பி.

இப்படிக்கு,
மணவாளன்