மற்றவள் படித்த பிறகு

ஆகஸ்ட் 3

அடி சுருட்டை,

காகிதத்தில் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். மெயிலில் எழுதினால் உன் கம்பெனியில் எத்தனை பேர் எட்டிப் பார்ப்பார்களோ!

இங்கே எல்லாரும் நலம். இவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் கூடத்திலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டு என்னை ஏவுவதையே உத்தியோகமாக வைத்திருக்கிறார். அவர் கூப்பிடாத நேரத்தில் நம் வேலையைப் பார்க்கிறேன்.

நேராகவே கேட்கிறேன். நம் ஃப்ரேம்வொர்க், ஹாஸ்டல் அறையில் நாம் இருவரும் விளையாட்டாக எழுத ஆரம்பித்த நிரல் தொகுப்பு. இன்று ஊர் உலகத்தில் எத்தனையோ பேர் தங்கள் ஏஐ-க்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். நான் எழுதியதை நீ வரிவரியாகப் படித்துச் 'சரி' போட்டால்தான் உள்ளே போகும். நீ எழுதியதை நான். அதைத் தவிர வேறு சட்டம் நமக்கு இருந்ததே இல்லை. நீ படித்து நான் திட்டு வாங்காமல் தப்பியதும் இல்லை. "இத எழுதும்போது தூங்கிட்டிருந்தியாடி?" என்று எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதி வைப்பாய்.

நீ புது வேலையில் சேர்ந்த பிறகு ஒரு திட்டையும் காணோம். எத்தனை அனுப்பினாலும் காலையில் ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் 'நன்றாக உள்ளது, நன்றி' என்று வந்து விழுகிறது. நன்றியாமே! எனக்கு நீ எப்போதடி நன்றி சொன்னாய்? உன் பெயரில் ஏதோ மெஷின் படிக்கிறதோ என்று எனக்கு உறுத்துகிறது. அதைவிட மோசமாகவும் தோன்றுகிறது: நம்முடையதை மெல்லத் தன் பக்கம் இழுக்கத்தான் உன் கம்பெனி உன்னைச் சேர்த்துக்கொண்டதோ? இல்லை என்று சொல்லிவிடு, நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

உன்,
கண்ணாடி


ஆகஸ்ட் 11

அன்புக் கண்ணாடிக்கு,

உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. அவர் நடக்க ஆரம்பித்துவிட்டாரா? ரொம்ப ஏவினால் கட்டிலை மாடிக்கு மாற்றிவிடு.

நான்தானடி படிக்கிறேன். வேறு யார்? அலுவலகத்துக்கு நெடுந்தூரம் பஸ். ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து போனில் எல்லாவற்றையும் படித்துவிடுவேன். அலுவலகத்தில் என் மேஜைக்குப் போனதும் வரிசையாகப் பொத்தானை அழுத்துவேன். அதுதான் உனக்கு ஒரே மூச்சாகத் தெரிகிறது. 'நன்றி' கம்பெனி கட்டளை. வெளியார் பார்க்கும் இடத்தில் எங்கள் ஆட்கள் யாரையும் கடிந்து எழுதக் கூடாதாம். சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். உன்னைத் திட்ட முடியாமல் எனக்கு நாக்கு அரிக்கிறது.

கம்பெனி நம்முடையதை இழுக்கிறதா? என் மேலதிகாரிக்கு அதன் பெயரே வாயில் நுழையவில்லை. சும்மா மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதே.

சுருட்டை


ஆகஸ்ட் 20

சுருட்டைக்கு,

உன் கதையை நம்பத்தான் பார்த்தேன். முடியவில்லை. பஸ், ஜன்னலோரம், கட்டளை என்று எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. அத்தனை கச்சிதமாகப் பேசுகிறவள் நீ இல்லை.

அதனால் நேற்று நான் அனுப்பியதில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்தேன். மெஷினுக்குப் பாடமாகக் கொடுக்கும் தகவலையும், பிறகு பரீட்சையில் கேட்பதற்காக ஒதுக்கும் தகவலையும் பிரிக்கிற இடம் இருக்கிறதே, அங்கே. பரீட்சைக் கேள்விகள் பாடத்திலேயே கலந்துவிடும். மெஷின் நூற்றுக்கு நூறு வாங்கும், ஆனால் ஒன்றும் கற்றிருக்காது. முதல் வருஷப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

இன்று காலை உன் பதில் வந்தது. 'நன்றாக உள்ளது, நன்றி.'

இத்தனை வருஷம் என் எழுத்தில் ஒரு புள்ளி தவறினாலும் பிடித்தவள் எங்கே போனாள்? என்னிடமே பொய் சொல்ல எப்படி மனசு வந்தது? நீ 'சரி' போடும் உரிமையை இன்று எடுத்துவிட்டேன். அந்தத் தப்பை அடுத்த வெளியீட்டுக்கு முன் நீக்கிவிடுவேன். அது அடுத்த மாதக் கடைசியில்தான் என்பதால் யாருக்கும் பாதகமில்லை.

இனி உன் கம்பெனி வேலையையே நிம்மதியாகப் பார்.

கண்ணாடி


ஆகஸ்ட் 29

கண்ணாடி,

அந்த வரியை நான் பார்த்தேன். பஸ்ஸில், இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள். பகீரென்றது. நீ செய்கிற தப்பே இல்லை அது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து, கண் சொருகிப்போய் எழுதியிருக்கிறாள் பாவி என்று நினைத்தேன். அத்தனை பேர் பார்க்கும் இடத்தில் 'பாடத்தில் பரீட்சையைக் கலந்துவிட்டாய்' என்று எப்படியடி எழுதுவேன்? நேற்று வந்த பொடியன்கள் எல்லாம் உன்னைக் கேலி பேசுவார்கள்.

அதனால் 'சரி' போட்டேன். போட்ட கையோடு, 'சிறு திருத்தம்' என்று தலைப்பிட்டு அதைச் சரிசெய்து அனுப்பினேன். 'முந்தையதை நான் கவனமாகப் படிக்கவில்லை, பிழை என்னுடையது' என்று கீழே எழுதியும் இருந்தேன். கேவலம் என் பெயரோடு போகட்டும் என்றுதான்.

நான் அனுப்பியது உள்ளே போக யார் 'சரி' போட வேண்டும்? நீதான். போட்டாய். என் உரிமையைப் பிடுங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டாய். படித்திருந்தால் எனக்கு இப்படியொரு கடிதம் வந்திருக்காது.

ஆத்திரமாக வருகிறது. அதைவிட அழுகையாக வருகிறது. நீ சந்தேகப்பட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உனக்குப் பிறவிக் குணம் அது. எனக்கு என்று ஒரு பொறி வைத்து, நான் விழுவேனா என்று காத்திருந்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உரிமையைத் திருப்பிக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். உன் வரிகளைப் படிக்கும்போது இது நிஜமா, எனக்கு வைத்த வலையா என்று இனி நானும் யோசிப்பேன். அப்படி என்னால் படிக்க முடியாது.

அவர் உடம்பைக் கவனித்துக்கொள்.

சுருட்டை


செப்டம்பர் 6

என் சுருட்டைக்கு,

உன் கடிதத்தை முடித்ததும் அழவில்லை, போன் செய்யவில்லை. நீ சொன்னது உண்மையா என்று போய்ப் பார்த்தேன். அப்போதும் அதைத்தான் செய்தேனடி.

எல்லாம் நீ சொன்ன மாதிரியே இருக்கிறது. உன் பெயரில் பிழை, என் பெயரில் 'சரி'.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. இவர் நேற்று, "உன் சிநேகிதி ஏன் இப்பல்லாம் கூப்பிடறதே இல்ல?" என்று கேட்டார். வேலை அதிகம் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேறு ஆட்கள் முன்வந்து படிக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், மரியாதையாகவும் எழுதுகிறார்கள். ஆனால் என் வரிகள் எல்லாமே அவர்களுக்குச் சரியாகத்தான் படுகின்றன. பயமாக இருக்கிறது.

கண்ணாடி