நீ விரலைத் தூக்கிய இடம்

அடேய் பாபு, என் தங்கமே,

உன் பஸ் முன்போல் ஓடவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வேறு எதையாவது சொல்லித் தொடங்கலாம் என்று பார்த்தேன். மழை பெய்தது, வீட்டுக்கு வெள்ளை அடித்தோம் என்றெல்லாம். எதுவும் வரவில்லை. உன் பஸ் முன்போல் ஓடவில்லை என்பதுதான் வருகிறது.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் சொல்வேன், பொறுத்துக்கொள். விழுப்புரத்தில் ஸ்டிக்கர் கடை வேலை உனக்கு. பகலெல்லாம் பைக்குகளுக்கு நம்பர் பிளேட் ஒட்டுவாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டேப்பை, அந்தத் தொடுதிரை டேப்லெட்டை, எடுத்துக்கொண்டு பஸ் ஓட்டுகிற கேமில் உட்கார்ந்துவிடுவாய். கேமில் தருகிற பஸ் வெறும் வெள்ளை. அதற்கு நீ விரலாலேயே வரைந்து நம் ரூட் பஸ்ஸின் உடுப்பைப் போட்டாய். மேலே பச்சை, நடுவில் மஞ்சள் பட்டை, பக்கவாட்டில் பெரிதாக ‘விழுப்புரம்’, நெற்றியில் ‘திண்டிவனம்’. கேமில் இருப்பதோ ஏதோ தூரதேசத்து ரோடு. அதில் ஒரு வளைவில் நாலு கடை தெரியும். அங்கே பஸ்ஸை நிறுத்தி, “கூட்டேரிப்பட்டு எறங்கு, கூட்டேரிப்பட்டு எறங்கு” என்று நீயே குரல் கொடுப்பாய். உனக்குக் கல்யாணமான பிறகும் இதை விடவில்லையே என்று நான் கேட்டதற்கு, “அமுதாவும் பாசஞ்சர்தாங்க்கா, டிக்கெட்டு மட்டும் எடுக்க மாட்டா” என்றாய்.

போன வருஷம் என்னைப் பார்க்க வந்தவன், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் படியிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தாய். விழுந்தாய். அவ்வளவுதான். முப்பதுகளில் இருக்கிறவனுக்கு இதயம் இப்படி நிற்குமா என்று நான் கேட்டேன். டாக்டர் நிற்கும் என்றார். பாபு, கடைசியாக உன் கண்ணில் பட்டது எது? எதிரே நின்ற ஏதோ ஒரு பஸ்ஸின் பெயர்ப் பலகையா? எந்த ஊர் போட்டிருந்தது?

டேப்பைப் பார்க்க முடியவில்லை என்று அமுதா என்னிடம் கொடுத்துவிட்டாள். எனக்கு கேம் தெரியாது. ஆனாலும் சாயங்காலங்களில் உன் பெயரிலேயே உள்ளே போய் உன் பஸ்ஸை ஓட்டினேன். முதலில் சுவரில் மோதினேன், பிறகு மரத்தில். பிறகு மெல்ல ஓடியது. உன் எழுத்தைத் தாங்கிக்கொண்டு ஏதோ ஒன்று நகர்கிறது என்ற ஒரே எண்ணம்தான். ஏனென்றால் உன் கையெழுத்து வேறு எங்கும் இல்லை. தேடிவிட்டேன். பள்ளிக்கூட நோட்டெல்லாம் பழைய பேப்பர்காரனிடம் போயிற்று. கடையில் நீ வெட்டியதெல்லாம் மெஷின் எழுத்து. பேங்க்கில் இங்கிலீஷில் ஒரு கிறுக்கல். தமிழில் உன் கை எழுதியது என்று இருப்பது அந்த பஸ்ஸின் மேல்தான்.

ஒரு நாள் கேமைத் திறந்தபோது, அப்டேட் செய்தால்தான் உள்ளே விடுவேன் என்றது. செய்தேன். வேறு வழி இருந்ததா?

பஸ் வந்து நின்றது. நெற்றியில் இருந்த ‘திண்டிவனம்’ கூரைமேல் போய்ப் படுத்திருந்தது. ஜன்னல் கண்ணாடியில் மஞ்சள் பட்டை. வலது பக்கத்தில் உன் எழுத்து முழுதும் இருந்தது, ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி. இடது பக்கம்தான் என்னால் தாங்க முடியவில்லை. புது பஸ்ஸுக்கு நடுவில் அகலமாக ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவு ‘ப்புரம்’ என்பதை விழுங்கிவிட்டது. மிச்சம் நின்றது ‘விழு’.

என்னைப் பார்த்து, உன் கையெழுத்தில், விழு என்றது.

நீ வரைந்த உடுப்பை, ஸ்கின் என்பார்களே அதை, வாங்கித் தங்கள் பஸ்ஸுக்குப் போட்டு ஓட்டுகிற கூட்டம் ஒன்று கேம் குரூப்பில் இருக்கிறதே, அவர்களுக்கும் அதே கதி. யாருக்கும் நீ போனது தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்ல எத்தனையோ முறை எடுத்தேன், எழுதி அழித்தேன். அன்றைக்கு அவர்கள் உனக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். “அண்ணா, உங்க பஸ்ஸு இன்னா ‘விழு விழு’ன்னு சொல்லிக்கினே வருது, பாசஞ்சர் ஏறுவானா?” என்று ஒருவர். “ஏறுனா எறங்க வாணாம், விழுந்தா போதும்” என்று இன்னொருவர். “ஜல்தி புது ஸ்கின்னு போடுங்கண்ணா, பேஜாரா கீது” என்று மூன்றாவது ஆள். நல்ல பிள்ளைகள்தான் எல்லாரும். நீ இருந்திருந்தால் நீயும் அதில் சேர்ந்துகொண்டிருப்பாய். நான் டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு சமையலறைக்குப் போய் வெறுமனே நின்றேன்.

சரி, நானே மாற்றிவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். கணக்கில் பட்டம் வாங்கியவள், பள்ளி அலுவலகத்தில் நாள் முழுதும் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறவள், இது வராதா என்று நினைத்தேன். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் பரப்பினால் எப்படி இருக்கும்? நீ வரைந்த படமும் அப்படித்தான் இருந்தது. பஸ்ஸின் பக்கம், கூரை, நெற்றி எல்லாம் ஒரே தாளில் தட்டையாக. அதைக் கேம் எடுத்து பஸ்ஸின் உடம்பில் சுற்றுகிறது. உடம்பு மாறிவிட்டால் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, புது உடம்பில் எது எங்கே வருமோ அங்கே நகர்த்தி வைக்கவேண்டும். பச்சையும் மஞ்சளும் சுலபமாக வந்துவிட்டன. நிறத்துக்கென்ன, ஊற்றினால் போகும் இடத்துக்குப் போகிறது.

எழுத்துதான். புது பஸ்ஸின் படம் பழையதைவிடப் பல மடங்கு பெரியது. உன் எழுத்தை வெட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் கலங்கி, தண்ணீர் பட்ட காகிதம்போல் ஆகிவிட்டது. சரி, தட்டச்சு செய்து பார்ப்போம் என்றால் படம் வரைகிற ஆப்பில் ‘ழு’வே வரவில்லை. ‘ழ’ தனியாக நிற்கிறது, உகரம் ஒரு புள்ளி வட்டத்தோடு பக்கத்தில் தனியாக நிற்கிறது. நீ ஏன் விரலாலேயே வரைந்தாய் என்று அப்போதுதான் தெரிந்தது. இதை உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. இருக்கிறவனிடம் என்ன கேட்போம், சாப்பிட்டாயா என்று கேட்போம்.

கடைசியில் உன் எழுத்தின் மேலேயே வைத்து என் விரலால் வரைந்தேன். கலங்கிய ஓரங்களை நேராக்கினேன். உன் ‘ழு’வுக்கு அடியில் ஒரு நீள வால் உண்டல்லவா, ‘ப்பு’வையும் தாண்டிப் போகுமே, அதைக்கூட விடவில்லை. அந்த வாலில் நடுவே ஒரு சின்ன விடுபடல் இருந்தது. அதையும் சேர்த்து மூடினேன். வாரக்கணக்கில் இதே வேலை. உன் மாமா, என் வீட்டுக்காரர், ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, வெளயாட்டுதானே, எதுக்கு இவ்ளோ கண்ணக் கெடுத்துக்கிற என்றார். அவர் அன்பாகத்தான் கேட்டார். விளையாட்டுதான். அதில்தானே நீ மிச்சம் இருக்கிறாய் என்று நான் சொல்லவில்லை.

முடிந்ததும் அமுதாவிடம் காட்டுவதற்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் இப்போது குயிலாப்பாளையத்தில் அவள் அம்மாவோடு இருக்கிறாள். ஆரோவில் பக்கம் ஒரு தையல் யூனிட்டில் வேலை. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, அவித்து வைத்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு டேப்பை வாங்கினாள். நீ போனபிறகு அவள் அதைத் தொடுவது அதுதான் முதல் தடவை.

“நல்லா கீது அண்ணி. பளிச்சுன்னு கீது” என்றாள். பிறகு கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். “ஆனா இது அவுரு எழுத்து இல்ல.”

“அவன் எழுத்து மேலயே வெச்சு வரைஞ்சேன் அமுதா. கொஞ்சங்கூட நகரல.”

“நகரல அண்ணி. ஆனா இந்த வாலுல ஒரு எடம் வுட்டிருப்பாரே, அது எங்க?”

“அது படத்துல ஏதோ கோளாறுன்னு நெனச்சு நாந்தான் சேத்துட்டேன்.”

அவள் டேப்பை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “கோளாறு இல்ல. அந்த எடத்துல டேப்பு கண்ணாடி வெடிச்சிருந்துச்சு. வெரல கிழிச்சிடும்னு அங்க வந்ததும் தூக்கிடுவாரு. தாண்டிப் போயி மறுபடி வெப்பாரு. நான் பக்கத்துல படுத்துக்கினு பாத்துக்கினே இருப்பேன். கண்ணாடிய மாத்தக் கூடாதான்னு கேட்டா, ‘குழி இல்லாத ரோட்ல ஓட்னா நம்மூரு மாதிரியே இருக்காதுடீ’ன்னுவாரு” என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குள் மல்லாட்டை ஆறிப்போயிற்று.

பாபு, டேப் என் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? அந்த வெடித்த கண்ணாடியை எடுத்துவிட்டுப் புதுசு போட்டதுதான். நல்லதென்றுதான் செய்தேன். வாலை மூடியதும் நல்லதென்றுதான். துணியைத் துவைப்பதுபோல, வீட்டைத் துடைப்பதுபோல, உன்னையும் துடைத்துக்கொண்டிருக்கிறேன். என் கையை நான் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன், சொல்.

திரும்பி வந்து நான் வரைந்ததை எல்லாம் அழித்தேன். உன் எழுத்தை, கலங்கியது கலங்கியபடியே, விடுபடலோடு எடுத்து வைத்தேன். குரூப்பில் போட்டேன். கூடவே நீ இல்லை என்பதையும் எழுதினேன். இரண்டே வரி. அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

ஒருவர் போன் செய்தார். ஏழுமலை என்று பெயர், நிஜமாகவே திண்டிவனத்தில் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறாராம். வண்டி நிற்கிற நேரத்தில் போனில் உன் பஸ்ஸை ஓட்டுவாராம்; கேம் ரோட்டில் குரூப்காரர்கள் ஒருவர் வண்டியை ஒருவர் பார்க்கலாமாம்.

“அக்கா, போன மாசங்கூட அண்ணன் வண்டி ஓடிச்சேக்கா. நான் பின்னாலயே வந்தேன். ஆரன்கூட அடிச்சேன்.”

“அது நாந்தாம்பா ஓட்டினேன்.”

பஸ் ஸ்டாண்டு சத்தத்தை விட்டு அவர் நகர்ந்து வருவது கேட்டது. பிறகு மெதுவாக, “அதாங்க்கா. ப்ரேக்க அமுத்தி அமுத்தி ஓட்டிக்கினு இருந்தாரு. அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயோன்னு நெனச்சேன்” என்றார்.

என்னைப் பின்தொடர்ந்து ஒருவர் வந்திருக்கிறார், உனக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டுக்கொண்டு. உண்மையில் அந்தக் கவலை உனக்காக வரவேண்டிய நேரத்தில் யாருக்கு வந்தது? எனக்கு வந்ததா? படியில் நீ காலை எடுத்து வைக்கும்போது நான் வீட்டில் உனக்குப் பிடித்த கேப்பை அடை சுட்டுக்கொண்டிருந்தேன்.

குரூப்பில் இரண்டு மூன்று நாள் கைகூப்பிய படங்களாக வந்தன. அப்புறம் எழுத்து படிக்கவே முடியவில்லையே என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பனியில் போகிற பஸ் மாதிரி இருக்கிறது என்றார் வேறொருவர். யாரோ புதுசாக ஒன்று செய்து போட்டார். அதே பச்சை, அதே மஞ்சள், அச்சடித்ததுபோல் அழகான ‘விழுப்புரம்’. ஓரத்தில் உன் பெயரைப் போட்டு நினைவாக என்றும் எழுதியிருந்தார். இப்போது எல்லாரும் அதைத்தான் ஓட்டுகிறார்கள். ஏழுமலையும்தான். அவர்மேல் கோபம் இல்லை. எந்த ஊர் போகிறது என்று தெரியாத பஸ்ஸை யார் ஓட்டுவார்கள்?

உன் எழுத்தோடு ஓடுவது இப்போது என் கையில் இருக்கிற ஒரே பஸ்தான். அதுவும் எத்தனை நாளோ. அடுத்த அப்டேட் வரப்போகிறதாம், பஸ்கள் இன்னும் துல்லியமாக இருக்குமாம், சந்தோஷமாக அறிவித்திருக்கிறார்கள். ஒவ்வொரு அப்டேட்டிலும் பஸ் தெளிவாகும். உன் எழுத்தை இன்னும் இழுக்கவேண்டும், அது இன்னும் மங்கும். நீ வரைந்தது மாறவே இல்லை, பாபு. உன்னைச் சுற்றி எல்லாம் பெரிதாகிக்கொண்டே போகிறது.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் உன்னை எடுத்து வைப்பேன். நேராக்க மாட்டேன். நீ விரலைத் தூக்கிய இடத்தில் நான் விரலை வைக்க மாட்டேன். ஒரு நாள் அது எழுத்தென்றே தெரியாமல் வெறும் கறையாகிவிட்டால், கறையாகவே இருக்கட்டும். அதுவும் போய்விட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுவேன். என் எழுத்தால் நிரப்ப மாட்டேன்.

உன் எழுத்தை ஒட்டத் தெரியாமல், உன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருக்கும்
உன் அக்கா,
சுமதி
திண்டிவனம்