ஒட்டாத பூச்சு

மார்ச் 4

என் செல்லத் தங்கைக்கு,

பார்சலைப் பத்திரமாகப் பிரி. நானே சக்கரத்தில் வனைந்து சூளையில் சுட்ட கோப்பை. இதன் ஜோடி என்னிடம் இருக்கிறது. காலையில் நீ அங்கே காபி குடிக்கும்போது நானும் இங்கே குடிப்பேன். ஒரு பக்கம் மெருகுப்பூச்சு ஒட்டாமல் கோடாக விலகிவிட்டது. மறுபடி பூசிச் சுட்டும் சரியாகவில்லை, கண்டுகொள்ளாதே.

அப்பாவும் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அம்மா உன் வீட்டில், அப்பா என் வீட்டில் என்று பங்கு போட்டுக்கொண்டு நாமும் பிரிந்தே கிடந்தோம். இனியாவது ஒட்டி இருப்போமடி.

அன்பு அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

என்ன அழகான பால் வெள்ளை! வந்த நாளிலிருந்து அதில்தான் காபி. இவர் ஆசையாகக் கேட்டார், தரமாட்டேன் என்றுவிட்டேன். இந்த நிறம் எப்படி வந்தது?

இன்னொன்று. அம்மாவின் சாம்பலில் பாதியைக் கொடுத்தேனே, அவள் கேட்ட மரத்தடியில் தூவிவிட்டாயா? கேட்கும்போதெல்லாம் மழுப்புகிறாய். "செத்த பிறகாவது அந்த மனுஷன் இல்லாத இடத்துல என்னை விடுங்கடி" என்று நம் இருவரிடமும்தானே சொன்னாள்.

உன் தங்கை

ஏப்ரல் 2

செல்லமே,

என் மட்பாண்டக் கண்காட்சி முடிந்தது. "பிணக்கும் இணக்கமும்" என்று தலைப்பு வைத்தேன். என் கோப்பைக்கு முன்னால் நின்று கண் கலங்காதவர் இல்லை.

நேரில் சொல்ல நினைத்தேன், நீயே கேட்டுவிட்டாய். அது எலும்புச் சாம்பல் தரும் வெள்ளை. அம்மா பங்கையும் அப்பா பங்கையும் கலந்து அரைத்துப் பூச்சில் சேர்த்தேன். உயிரோடு இருந்தவரை ஒரே அறையில் உட்கார மாட்டார்கள். சூளைச் சூட்டில் ஒன்றாக உருகிவிட்டார்கள் பார்! பயப்படாதே, சுட்ட பிறகு அது வெறும் கண்ணாடிதான். சுத்தமானது.

உன் அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

படித்து முடிக்கும் முன்பே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். ஈறு கிழிய பல் தேய்த்தும் நாக்கிலிருந்து அது போகவில்லை.

அம்மாவிடம் எனக்கு என்றுமே அருவருப்பு கிடையாது. அவள் படுக்கைப்புண்ணில் சீழ் துடைத்தவள் நான். முதுகில் அப்பா இஸ்திரிப் பெட்டியை வைத்த தழும்புக்கும் சேர்த்துத்தான் மருந்து தடவினேன். நீ அதைப் பார்த்ததே இல்லை, பார்க்க விரும்பியதும் இல்லை. தப்பித்து ஓடி வந்தவளைப் பிடித்து, அரைத்து, அவரோடு சேர்த்துப் பூசி, அதற்கு இணக்கம் என்று பேர் வைத்து ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறாய். எனக்குக் குமட்டுவது அதுதான். அதை என் வாயிலும் ஊற்றினாய். சீ!

உடைக்கக் கை ஓங்கினேன். உள்ளே அவளும் இருக்கிறாளே, முடியவில்லை. கழுவித் துடைக்கும்போது அந்தக் கோடு விரலில் தட்டியது. மறுபடி சுட்டும் ஒட்டவில்லை என்றாயே. உனக்கு அது குறை. எனக்கு அந்தக் கோப்பையில் அவரோடு ஒட்டாமல் அம்மா விலகி இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

கோடு என் பக்கம் தெரியும்படி அலமாரியில் வைத்துவிட்டேன். நீ இனி எழுத வேண்டாம். பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

அம்மாவின் மகள்