பின்னால் கூப்பிட்டால் திரும்பாத ஸ்டாப்பர் பேக்

என் இடது முழங்காலை இரண்டு தடவை பேர்த்தெடுத்த அன்பு மச்சான் சூசைக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். உனக்கு என்ன கேடு? அங்கே வெயில் கிடையாது, டாக்டர் கிடையாது, என் தொல்லையும் கிடையாது. நலமில்லாமல் இருப்பது நான்தான். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்ததிலிருந்து ராத்திரித் தூக்கமே இல்லை. சர்க்கரை கூடியிருக்கும் என்று உன் தங்கச்சி என் மக்ரூன் பாக்கெட்டை எங்கேயோ ஒளித்துவிட்டாள். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணியும் அவளுக்கு ஃபுட்பால் என்றால் என்னவென்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்களாம். படிக்கட்டும். நீ எப்பேர்ப்பட்ட முரடன் என்று ஊருக்கும் தெரியட்டும். சவப்பெட்டியில் வைத்தபோதுகூடக் காலை அகட்டித்தான் படுத்திருந்தாய், எவனையோ தடுக்கிற மாதிரி. மூடியைச் சாத்த நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

நீ போனது மழைக்காலத்தில். மழை விட்டதும் சீசன் தொடங்கிவிட்டது. உன் பேரன் ரீகன், சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரனாக, முதுகில் பேர் போட்ட சட்டையோடு, விளக்கு வெளிச்சத்தில் நம்ம ஊர் அணிக்கு ஸ்டாப்பர் பேக்காக இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? எப்போதும் நீ அப்படித்தான், பந்து வருவதற்கு முன்னாலேயே பாய்ந்துவிடுவாய்.

அதனால் நம்ம டிஃபென்ஸ் எப்படி ஆடுகிறது என்று நான்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்ம காலத்தில், துறைமுகத்தில் மூட்டை தூக்கின நான் கோல் அடிக்கிற லெஃப்ட் அவுட், வள்ளம் ஓட்டின நீ கோலைத் தடுக்கிற ஸ்டாப்பர் பேக். எனக்கு மாலை, உனக்கு வசவு. அதுதானே வழக்கம்? கோல் போஸ்டுக்குப் பின்னால் நம்முடைய சிமெண்ட் படியில்தான் சீசன் முழுக்க உட்கார்ந்தேன். உன் இடத்தில் என் குடையை வைத்தேன். உன்னைவிட அது எவ்வளவோ தேவலை, முட்டியால் இடிக்கவில்லை.

ஆரம்பம் கேவலம் மச்சான். முன்னால் வருகிறவன் எவனும் ரீகனைத் தாண்டவில்லை. தலைக்கு மேலே வருகிற பந்தெல்லாம் அவனுக்கு எழுதி வைத்த சொத்து. ஆனால் ஒரு பந்து அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்துவிட்டால் தொலைந்தோம். கீப்பர் ஷிபு, கொல்லத்துப் பையன், "ரீகன்! ரீகன்!" என்று தொண்டை கிழியக் கத்துவான். உன் பேரன் திரும்ப மாட்டான். ஒரு மூச்சு விடுகிற நேரம் அப்படியே நிற்பான். அந்த ஒரு மூச்சில் எதிராளி உள்ளே நுழைந்து அடித்துவிட்டுக் குட்டிக்கரணம் போடுவான்.

எல்லாத் தோல்வியும் இதே மாதிரிதான். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? "ஏலே ரீகன், காதுல உப்பளம் போட்டிருக்கியாலே?" என்று ஒருவன். "அவன் நிக்கல, நங்கூரம் போட்டிருக்கான்" என்று இன்னொருவன். ஒரு மேட்ச்சில் கோச் அவனை வெளியே உட்கார வைத்துவிட்டார். அன்றைக்கு வாசலில் ஷிபு என்னைப் பிடித்துக்கொண்டான், கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டதாம்.

"தாத்தா, இவனுக்குச் செவி கேக்காதோ? ஞான் விளிச்சு விளிச்சு மடுத்து."

"அவன் தாத்தனுக்கே கேக்காதுப்பா. பரம்பரைச் சொத்து" என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. ஏனென்றால் அணியை நடத்துகிற முதலாளி சொல்லிவிட்டார், அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் இந்த வருஷத்தோடு கடையைக் கட்டிவிடுவேன் என்று. மஸ்கட்டில் இருக்கிற உன் மகன் அங்கிருந்தே ரீகனுக்கு விசாவுக்குச் சொல்லி வைத்துவிட்டான். பாஸ்போர்ட் மாதா படத்துக்குப் பின்னால் தயாராக இருந்தது. ஆட்டம் போனால் பிள்ளையும் போவான். அவன் அம்மா, உன் மருமகள் ஸ்டெல்லா, அந்த வீட்டில் தனியாக இருப்பாள்.

இனிமேல்தான் கதை. ஒரு மேட்ச் அன்று மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். ரீகன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். பையிலிருந்து அவன் சாக்ஸ் ஒன்று வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏலே ரீகன்!" என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து ஸ்டெல்லா விளக்குமாற்றோடு வந்தாள். "மாமா! போற பிள்ளையப் பின்னால கூப்பிடுதியளே! உங்களுக்கு வயசுதான் ஆகியிருக்கு, விவரம் இருக்கா?"

"வால் தொங்குது ஏளா, அதைச் சொல்லாண்டாமா?"

"வாலு தொங்குனா தொங்கட்டும். வாயை மூடுங்க."

ரீகன் திரும்பவே இல்லை. தோள்கூட அசையவில்லை. நேராக நடந்து தெருமுனை திரும்பி மறைந்துவிட்டான். அப்புறம் என் சட்டைப்பையில் போன் அடித்தது.

"தாத்தா, கூப்பிட்டியளா? இங்கன தெருமுனையிலதான் நிக்கேன்."

"ஏம்லே, அங்கன இருந்து போன் போடுத? திரும்பிப் பார்த்தா உனக்குக் கழுத்து ஒடிஞ்சிருமோ?"

"போகையில யாரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாதுன்னு சூசைத் தாத்தா சொல்லியிருக்காகல்லா."

நான் சிரித்தேன். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. "அப்போ ஷிபு கூப்பிடையில?"

"தெரியல தாத்தா. கேக்கத்தான் செய்யுது. கழுத்துதான் திரும்ப மாட்டேங்கு."

பார்த்தாயா மச்சான்? ஊரெல்லாம் தேடின குற்றவாளி நீதான்! கால்சட்டை போட்ட நாளிலிருந்து அவனை வள்ளத்தில் ஏற்றிப் போனவன் நீ. கடலுக்குப் புறப்பட்டவனை எவன் பின்னால் கூப்பிட்டாலும் காதில் விழாத மாதிரி போகணும், திரும்பினால் போன காரியம் விளங்காது என்று அவன் எலும்பிலேயே எழுதிவிட்டாய். சரி, கடலுக்கு அது சரி. நம்ம கோல் ஏரியாவுக்கும் அதையே எழுதுவார்களா? உயிரோடு இருந்து கெடுத்தது போதாதென்று, போன பிறகும் நம்ம டிஃபென்ஸில் ஓட்டை போட்டாயே!

ரீகன் அன்றைக்கே ஷிபுவிடம் சொல்லிவிட்டான். நான் நினைத்தேன், மலையாளத்துப் பையன் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று. அவன் சிரிக்கவில்லை. அவன் அப்பனும் கடலுக்குப் போகிற ஆள்தானாம். "அப்போ எந்தப் பேரு விளிச்சா நீ திரும்பும்? அது பற" என்று கேட்டிருக்கிறான். இவன் யோசித்து ஒரு பேரைச் சொல்லியிருக்கிறான்.

அடுத்த மேட்ச்சில் பந்து ரீகன் தலையைத் தாண்டி விழுந்தது. பின்னாலிருந்து ஷிபு கத்தினான்: "சூசை!"

நான் சட்டென்று பக்கத்தில் பார்த்தேன். குடைதான் இருந்தது.

ரீகன் திரும்பினான். பம்பரம் மாதிரி திரும்பினான். பந்து கூட்டத்துக்குள் பறந்தது. அவனைக் கூப்பிட்டால்தானே தோஷம்? தாத்தாவை யாரோ கூப்பிடுகிறார்கள், இவன் எட்டிப் பார்க்கிறான், அவ்வளவுதான். கழுத்தை இப்படி ஏமாற்றிவிட்டார்கள் பயல்கள்.

அதற்கப்புறம் நம்ம டிஃபென்ஸைப் பார்க்க நீ இருந்திருக்கணும். நாலு பேரும் கரைவலை இழுக்கிற மாதிரி ஒரே மூச்சில் முன்னால் வருவார்கள், ஒரே மூச்சில் பின்னால் போவார்கள். ஒருத்தன் பிந்தினால் மீன் போய்விடும் என்று தெரிந்த மாதிரி. வலது பக்கம் காயல்பட்டினத்துப் பையன், ஓடினால் நிற்கத் தெரியாது. இடது பக்கம் ஒரு மணிப்பூர்ப் பையன், நம்ம இடுப்பு உயரம்தான் இருப்பான், எவனும் அவனைத் தாண்டவில்லை. நடுவில் உன் பேரன். பின்னால் உன் பேர். மேட்ச்சுக்கு மேட்ச் கோலே விழவில்லை. கடைசியில் படியில் இருந்த மொத்த ஜனமும் ஷிபுவோடு சேர்ந்து "சூசை" என்று கத்த ஆரம்பித்துவிட்டது. உயிரோடு இருந்த காலத்தில் உன்னை இத்தனை பேர் கூப்பிட்டதுண்டா? நான் கூப்பிட்டால்கூட வர மாட்டாய்.

கஷ்டம் என்னவென்றால், தடுக்க ஆள் இருக்கிறது, அடிக்க ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டிருந்தால் செருப்போடு இறங்கியிருப்பேன். எல்லா மேட்ச்சும் டிரா. அப்படியே இழுத்து இழுத்துக் கடைசி மேட்ச்சுக்கு வந்து நின்றோம். தோற்றால் இறங்கிவிடுவோம். டிரா பண்ணினால் தப்பிப்போம்.

அதுதான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஸ்டெல்லா முதல் தடவையாக கிரவுண்டுக்கு வந்தாள். கையில் ஜெபமாலை. குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உன் இடத்தில் உட்கார்ந்தாள். "எந்தப் பக்கம் மாமா நம்ம பக்கம்?" என்று கேட்டாள். சொன்னேன். பிறகு ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தாள்.

முதல் பாதி ஒன்றுமில்லை. இரண்டாவது பாதியில் நம்ம கோல் எங்கள் கண்ணுக்கு நேராக வந்தது. எதிரணியில் மஞ்சள் சட்டை போட்ட ஒன்பதாம் நம்பர் ஒருத்தன், தமிழ்ப் பையன். கண் முழுக்கக் களவாணித்தனம். அந்த வயதில் நான் இருந்த மாதிரியே இருந்தான். அப்போதே எனக்கு உதைத்தது. பந்து உயரமாக வந்துகொண்டிருந்தது. ரீகன் தயாராக நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அந்தப் பயல் கத்தினான்: "சூசை!"

ரீகன் திரும்பிவிட்டான். பந்து இந்தப் பக்கம் விழுந்தது. ஒன்பதாம் நம்பர் ஓடி வந்து அடித்தான். போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. அந்தச் சத்தம் இன்னும் என் பல்லுக்குள் இருக்கிறது.

"என்னாச்சு மாமா? ஏன் நம்ம பிள்ள அங்கன திரும்புனான்?"

"உன் மாமனார் பேரைக் களவாண்டுட்டானுவ ஏளா."

ஊரே கத்துகிற பேர் அந்த ஒன்பதாம் நம்பருக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா? திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். கிழக்கே நின்று "சூசை", மேற்கே நின்று "சூசை". ரீகன் தவித்துப்போனான். கொஞ்ச நேரத்தில் எந்தச் சூசைக்கும் திரும்புவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டான். ஷிபு நிஜமாகவே கூப்பிட்டபோதும் திரும்பவில்லை. காயல்பட்டினத்துப் பையன் எங்கிருந்தோ ஓடி வந்து காப்பாற்றினான். படியில் ஒரு சத்தமில்லை. கத்தினால் யாருக்கு உதவும் என்று தெரியாமல் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம். உன் பேரே உன் பேரனுக்கு எதிராகப் போனால் நான் எங்கே போய் முறையிடுவேன் மச்சான்?

நடுவர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எதிரணி எங்கிருந்தோ ஒரு பந்தைத் தூக்கி அடித்தது. கடல் காற்று அதைத் தள்ளிக்கொண்டே வந்தது. ரீகன் குதித்தான், எட்டவில்லை. ஷிபு வெளியே ஓடி வந்தான். ஒன்பதாம் நம்பரும் வந்தான். இரண்டு பேரும் மோதி விழுந்தார்கள். பந்து அவர்களைத் தாண்டிக் குதித்து, மெதுவாக, அவசரமே இல்லாமல், காலிக் கோலைப் பார்த்து உருண்டது. ஷிபுவுக்கு மூச்சே வரவில்லை. எப்படிக் கத்துவான்? ரீகன் நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். ஷிபு பந்தைப் பிடித்துவிட்டான் என்று நினைத்திருக்கிறான். பந்து அவன் முதுகுக்குப் பின்னால்.

"ரீகன்! திரும்புலே!"

ஸ்டெல்லா. எழுந்து நின்றுகொண்டிருந்தாள். குடை எங்கேயோ போய் விழுந்தது.

அந்தக் குரலை எந்த ஒன்பதாம் நம்பரால் களவாட முடியும்? உன் பேரன் திரும்பினான். நீ எழுதி வைத்ததை எல்லாம் உடைத்துக்கொண்டு திரும்பினான். ஓடினான், விழுந்தான், சறுக்கினான். கோட்டுக்கு மேலே இருந்த பந்தைப் பெருவிரலால் தட்டிவிட்டான். பந்து வெளியே போனது. அவன் வலைக்குள் போய் விழுந்தான், பெரிய சுறா மாதிரி.

மேட்ச் முடிந்த விசிலும் அடித்துவிட்டார்கள். நாம் இறங்கவில்லை மச்சான். இறங்கவில்லை.

ஜனமெல்லாம் ஆடுகிறது. ஸ்டெல்லா மட்டும் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. "பின்னால கூப்பிட்டுட்டேனே மாமா. நானே கூப்பிட்டுட்டேனே."

எனக்குக் கிண்டல் வரவில்லை. என் வாய்க்கு அது புதுசு. "போறவனையா கூப்பிட்ட? வீட்டுக்கு வான்னுல்லா கூப்பிட்ட" என்றேன்.

ரீகன் உடம்பெல்லாம் மண்ணோடு வேலிக்கு வந்தான். "ஏம்மா இப்படிக் கத்துத? கழுத்து சுளுக்கிட்டு." நிஜமாகவே தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டுதான் நின்றான். அப்போதுதான் அவள் சிரித்தாள். சிரித்து, அழுது, அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

மறுநாள் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. "அவன் வரல. இங்கன வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா குழம்பைக் கிண்டப் போய்விட்டாள். பாஸ்போர்ட்டை மாதா படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து உன் பழைய பூட்ஸ் கிடக்கிற பெட்டியில் போட்டாயிற்று. அடுத்த சீசனில் ஷிபு என்ன பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறான்? பயல்கள் இன்னும் முடிவு பண்ணவில்லை. உன் பேரை உனக்கே திருப்பித் தந்துவிடலாம் என்று ரீகன் சொல்லுகிறான். வைத்துக்கொள், அங்கே யாராவது கூப்பிடத் தேவைப்படும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் சாக்ஸ் என்ன, கால்சட்டையே தொங்கினாலும் அந்தப் பிள்ளையைப் போகும்போது பின்னால் கூப்பிட மாட்டேன். எல்லா மேட்ச்சுக்கும் போவேன். உன் இடத்துக்கு இனி குடை வேண்டாம், உன் மருமகள் சீசன் டிக்கெட் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். அவளும் முட்டியால்தான் இடிக்கிறாள்.

நீயும் எனக்கு ஒன்று செய். நீ எனக்கு முன்னால் போய்விட்டவன். என்னைக் கூப்பிடணும் என்றால் அங்கிருந்து, முன்னால் நின்றுதான் கூப்பிட முடியும். அதில் தோஷம் ஒன்றும் இல்லை, நானும் மறுக்காமல் வந்துவிடுவேன். ஆனால் அடுத்த சீசன் முடியட்டும். டிஃபென்ஸ் இப்போதுதான் கூடி வந்திருக்கிறது. அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு இரு.

உன் தங்கச்சியைக் கட்டின பாவத்துக்கு இன்னும் அவளிடம் மக்ரூன் தேடிக்கொண்டிருக்கும் உன் மாப்பிள்ளை,
மிக்கேல்