கொளஞ்சியம்மாளின் பிராது

12-2-1968
இன்று ஆஸ்பத்திரிக்குக் கை நிறையக் கண்ணாடி வளையலோடு ஒருத்தி வந்தாள். கொளஞ்சியம்மாள். புருஷன் கலியமூர்த்திக்குப் பீங்கான் சூளையில் வேலை. வளைகாப்பு முடிந்த வயிறு. எனக்கோ கல்யாணமாகி ஒன்பது வருஷம், ஒன்றுமில்லை. பொறாமையாய்த்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

டாக்டரம்மா வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது. குழந்தை இல்லை, கட்டி. கடலூருக்குப் போய்க் கர்ப்பப்பையோடு எடுக்க வேண்டும், விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்.

“சாமி குடுத்தத அறுக்கச் சொல்றீங்களா?” எழுந்து போய்விட்டாள்.

13-2-1968
“படிக்காத ஜனங்க, எதைச் சொன்னாலும் ஏறாது” என்கிறார் டாக்டரம்மா. நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த முகம்!

18-2-1968, ஞாயிறு
மாதா கோயிலிலிருந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், கோர்ட்டில் மனு போடுவது போலப் பிள்ளை கேட்டுச் சீட்டில் பிராது எழுதி, சாமியின் வேலில் கட்டியிருக்கிறாள். அதற்கப்புறம்தான் வயிறு.

“உள்ள குழந்தை இல்லடி” என்றேன்.

“அசையவே இல்லீங்க. எனக்குத் தெரியாதா?” ஓவென்று அழுதாள்.

அடி பாவி! இவளுக்குப் புரியவில்லை என்றல்லவா நினைத்தோம்.

“வழக்கு சாமிகிட்ட இருக்குது. அத வச்சிக்கிட்டே நான் போயி அறுத்துக்கிட்டா அவர ஏமாத்தின மாதிரி ஆவாதா? வாபஸ் வாங்கணும். எழுதச் சொல்ல மனசு வரலீங்க நர்ஸம்மா.”

21-2-1968
டாக்டரம்மாவிடம் சொன்னேன். “இதென்ன ஆஸ்பத்திரியா, கோர்ட்டா?” என்று கத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, என்ன நினைத்தாரோ, “லீவு போட்டுட்டுக் கூடப் போ. சீக்கிரம்” என்றார்.

23-2-1968
கோயிலுக்குப் போனோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். “புள்ள வேணும்னு கேட்டிருந்தேன். இனிமே கேக்கல. உசிர மட்டும் வுட்டுடுங்க.”

இனிமே கேக்கல — அங்கே பேனா நின்றுவிட்டது. ஐயோ, எனக்கு எழுத வரலையே! அந்த வார்த்தையை நான் என் மாதாவிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கிறேனா?

“எழுதுங்க நர்ஸம்மா” என்று அவள்தான் என் தோளைத் தொட்டாள். எழுதினேன். அவளே வேலில் கட்டினாள். திரும்பும்போது பஸ்ஸில், ஒன்பது வருஷமாய் எனக்கும் பிள்ளை இல்லை என்று அவளிடம் சொன்னேன்.

26-2-1968
சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன், “நமக்குப் பிள்ளை இல்லாமலே போயிட்டா?” “என்னடி திடீர்னு?” என்றார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டார்.

4-3-1968
கடலூரில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். தியேட்டர் வாசலில் வளையல்களை அவளே ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள் என்று கலியமூர்த்தி வந்து சொன்னார்.

14-5-1968
கொளஞ்சியம்மாள் வந்தாள். இளைத்திருக்கிறாள், ஆனால் நடை தேறிவிட்டது.

“என் வழக்கு முடிஞ்சி போச்சி. உங்களுக்கு ஒண்ணு கட்டப் போறேன். அங்க எழுதிக் குடுக்க ஆளு இருக்குது.”

“நான் வேதக்காரி. எனக்கு எதுக்குடி?” என்று சிரித்தேன்.

“யாரா இருந்தா சாமிக்கு என்னா? பேரு சொல்லுங்க.”

சொன்னேன். ஊர் கேட்டாள். சொன்னேன்.

“அவுங்க பேரும் வேணுமே?”

தாலி கட்டின நாளிலிருந்து அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன்.