சட்டை முதுகில் இருந்த பெயர்

அன்புள்ள அப்பா,

இவ்வளவு நாளும் யாரும் திறக்காத உங்கள் காவடிப் பையை இன்று திறந்ததும் குழுச் சட்டையின் அளவுதான் முதலில் கண்ணில் பட்டது. உங்கள் தொப்பையில் பாதியைக்கூட அது மூடாது. முதுகில் 'லோகநாதன்' என்று அச்சடித்திருந்தது.

காவடி எடுக்கும்போது எல்லோரும் சட்டையைக் கழற்றி ஒரே குவியலாகப் போட்டீர்களே, அங்கேதான் மாறியிருக்கிறது! "குத்துனவன் யாருன்னு தெரியல, சட்டையில வீரையான்னு இருந்துச்சு" என்று அதே நாளில் குத்துப்பட்டவர் சாகும்போது சொன்னதை வைத்துத்தானே உங்களுக்கு முப்பது வருடம் போட்டார்கள்? அன்று உங்கள் பெயர் போட்ட சட்டை வேறு யார் முதுகிலோ இருந்திருக்கிறது.

"வாயில கொழுக்கட்டையா?" என்று என்னைக் கேட்பீர்களே, உங்கள் வக்கீல் அம்மாவுக்கு நானே போன் செய்தேன்.

"அலமாக், அதைத் தொவைக்காத லா! லோகநாதன் வேர்வை அதுலதான் இருக்கு!" என்று பதறிக் கத்தினார்.

துவைக்காமல் மடித்து, அவர் ஆபீஸ் இருக்கும் யோங் பெங்குக்குப் பஸ் ஏறி, அவர் கையிலேயே கொடுத்தேன்.

உங்கள் கொழுக்கட்டை